கரி லாரியும் முதல் சோறும்

மாசி 13, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். பாப்பாவின் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தினேன். இப்போது எல்லாவற்றிலும் புகை வாசம். குழந்தையிலும்.

கோயில் குருக்கள் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். வருகிற புதன், குளிகை நேரம். பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். பன்னிரண்டானால் ராகு வந்துவிடும். குளிகையில் செய்வது திரும்பத் திரும்ப நடக்குமாம். அந்த நேரத்தில் சோறூட்டினால் குழந்தைக்கு ஆயுசுக்கும் சோற்றுக்குக் குறைவிராதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சோற்றுக்கு எங்கே போவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

மீனுவுக்கு ஏழாம் மாதம் முடியப் போகிறது. பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம்தான். இதை விட்டால் ஒன்பது. அதுவரை என் பால் தாங்காது. இப்போதே போதவில்லை. குடித்து முடித்ததும் என் முகத்தையே பார்க்கிறாள், மிச்சத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்பது போல. கை மணிக்கட்டில் சதை மடிப்பு குறைந்துவிட்டதா? இவர் இல்லை என்கிறார். இவர் எதற்குத்தான் ஆமாம் என்றார்?

வீட்டு நிலவரம். அரிசி: தீர்ந்து போய் வெகு நாளாயிற்று. கடைசியாக ரேஷனில் வந்ததும் சுண்ணாம்பு கலந்தது, கழுவக் கழுவ வெள்ளைத் தண்ணீர். அது கிடைத்தாலும் குழந்தை வாயில் வைக்க மாட்டேன். மரவள்ளி: கொல்லை நிறைய.

பக்கத்து வீட்டு பிபிக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "காசி ஊபிலா, காசி ஊபி!" என்றாள். குழந்தைக்குக் கிழங்கைக் கொடேன் என்று. எல்லாரும் பிபிக், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவார்கள்; இந்தக் கம்பத்தில், கிராமத்தில், தலைமுறைகளாக இருக்கிற மலாக்கா செட்டி வீட்டு அம்மாள். நெற்றி நிறைய விபூதி, வீட்டில் மாரியம்மன் படம், பேச்சு மட்டும் முழுக்க மலாய். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாமி பெயர்கள்தான். நல்லவள். ஆனால் கிழங்கு கொடுக்க எனக்குப் பயம். ரேஷன் வரிசையில் ஒருத்தி சொன்னாள், கசப்பு மரவள்ளி தின்று ஒரு குழந்தை போய்விட்டதாம். எந்த ஊர், யார் குழந்தை, ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் பயம் அதிகம்.

இவர் சாயங்காலம் கரி முகத்தோடு வந்தார். உப்புக்கடை காதர் நானாவின் லாரி ஓட்டும் நாள் முழுக்க இப்படித்தான். எஸ்டேட் ஆபீஸில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தவர்!

"ஜாசின் பக்கம் அறுப்பு நடக்குதாம்" என்றார். "புது நெல்லு."

"ஒரு கை அரிசி கொண்டு வர முடியாதா?"

"வழியில செக்போஸ்ட்ல ஜப்பான்காரன் பிடிச்சான்னா அரிசியும் போகும், லாரியும் போகும், நானும் போவேன்."

கிழங்கைத் தோலுரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து இவரே, "அரிசி வரக்கூடாதுன்னுதானே சட்டம்? குழந்தை போகக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லையே" என்றார்.

திட்டினேன். பச்சைக் குழந்தையை லாரியிலா? நன்றாகவே திட்டினேன். இப்போது எல்லாரும் தூங்கிவிட்டார்கள், நான் மட்டும் விழித்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சோறு வீட்டுக்கு வராதென்றால் வீடு சோற்றுக்குப் போகவேண்டியதுதானே?

மாசி 14, சனி

வெயில். அப்பாடா, துணி.

இன்று வெள்ளோட்டம். நானா உஜோங் பாசிருக்கு உப்பு ஏற்றப் போகிறார்; குழந்தைக்கு லாரி ஒத்துக்கொள்கிறதா பார்ப்போம் என்று இவர் ஏற்பாடு. ஏழு மணிக்குக் கிளம்பினோம். கும்மிருட்டு. கடிகாரத்தையெல்லாம் ஒன்றரை மணி முன்னால் டோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வைத்ததிலிருந்து விடியல்தான் தாமதமாக வருகிறது. இரண்டு வருடத்தில் பழகிவிட்டது.

எடுத்துப் போனவை: போர்வை இரண்டு, கொதித்து ஆறிய தண்ணீர், ஓமம், வசம்பு, குடை, மாற்றுத் துணி ஒரு மூட்டை, கம்பளிக் குல்லாய், திருஷ்டிக்கு மை, பிபிக் கொடுத்த ஏதோ ஒரு வேர்.

நானா பார்த்துவிட்டு, "என்னம்மா தங்கச்சி, கப்பலுக்கா போறீங்க? உஜோங் பாசிரு இந்தாதானே கெடக்கு!" என்றார்.

லாரியைப் பற்றி எழுத வேண்டும். பெட்ரோல் கிடையாது, கரியில் ஓடுகிறது. பின்னால் நிற்கும் பீப்பாய் போன்ற அடுப்பில் கரியைப் போட்டு மூட்டி, கைப்பிடி போட்ட ஊதியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் புகை பிடிக்கும். அந்தப் புகையில் எஞ்சின் ஓடும். ஓடும் என்று சொல்வது மரியாதைக்கு. மேடு வந்தால் பெருமூச்சு விடும். அப்புறம் நின்றுவிடும். இறங்கிச் சாம்பல் தட்டி, கரி போட்டு, மறுபடி சுற்ற வேண்டும். கிட்டத்தட்ட ஒரு குழந்தையை வளர்ப்பது மாதிரிதான்.

கடல்! கல்யாணமாகி கஜா பெராங்குக்கு வந்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது. கப்பலிலிருந்து இறங்கிய நாளுக்குப் பிறகு கடலை இன்றுதான் பார்க்கிறேன். வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கலாம் போலிருக்கிறது. செரானிப் பெண்கள், போர்த்துகீசிய வம்சத்தார், கரையில் பெரிய தகரங்களில் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுக்கிறார்கள். ஒருத்தி சுரண்டுகிறாள், ஒருத்தி விறகு தள்ளுகிறாள், மூன்றாமவள் இருவரையும் திட்டுகிறாள். பாயில் கூனி இறால் காய்கிறது. அந்த நாற்றத்துக்கு இவர் மூக்கைப் பிடித்தார், எனக்குப் பசித்தது. காற்று மீனுவின் முகத்தில் அடித்தது. மூச்சுத் திணறி அழப் போகிறாள் என்று நான் குல்லாயைத் தேட, அவள் சிரித்தாள். காற்றைப் பார்த்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. ஈர மணலில் இறக்கி விட்டேன், ஒரு நிமிஷம்தான். அள்ளி வாயில் போட்டுவிட்டாள்.

நான் கத்தினேன். இவர், "முதல் சாப்பாடு ஆயிடுச்சு. நேரம் குளிகையா பாரு" என்றார்.

திரும்பும் வழியில் டவுனில், பழைய கோட்டை வாசலுக்கு நேர் எதிரே லாரி நின்றது. இவர் சாம்பல் தட்ட, நானா தலையிலடித்துக்கொள்ள, நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். யாரும் தடுக்கவில்லை. மெட்ராஸில் பி.ஏ. சரித்திரப் பரீட்சையில் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தது பற்றி எழுதியவள் நான். நல்ல மார்க்கும் வாங்கினேன். இத்தனை நாள் இந்த ஊரிலேயே இருந்துகொண்டு அந்த வாசலுக்குள் நுழைந்ததில்லை. மேலே கூரை இல்லாத மாதா கோயில். உள்ளே சுவரில் சாய்த்து வைத்த பெரிய பெரிய கல்லறைக் கற்கள். வெளியே வந்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, அதற்கப்பால் தென்னந்தலைகள், அதில் ஏதோ ஒன்றுக்குக் கீழே என் வீடு. மேலே இவ்வளவு காற்று வீசும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கப்பலில் வரும்போது மனதில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். பினாங்கு, சிங்கப்பூர், ரயிலில் போகவேண்டிய குளிர் மலை. இந்த மேடு அதில் இல்லவே இல்லை.

மாசி 15, ஞாயிறு

மேகமூட்டம். காலையில் முதல் வேலையாகக் குழந்தையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. சளி இல்லை. மணல் போகிற வழியே போய்விட்டது.

புதன்கிழமை போவதென்று பேச்சு. நானாவுக்கு அன்று ஜாசினுக்கு உப்பு கொண்டுபோக அனுமதிச் சீட்டு இருக்கிறது. சிக்கல்: சீட்டில் நானா, ஓட்டுநர், ஊதி சுற்ற ஒரு ஆள். அவ்வளவுதான். மடிக் குழந்தையை எவனும் கேட்க மாட்டான்; என்னைக் கேட்பான்.

நானா தாடியைச் சொறிந்தார். "ஊதி சுத்துறவன் ஆம்பளையாத்தான் இருக்கணும்னு சீட்டுல போடலையே, தம்பி?"

இவர் என்னைப் பார்த்தார். நானா என்னைப் பார்த்தார். மீனுகூட என்னைத்தான் பார்த்தாள்.

மாசி 16, திங்கள்

கடை முற்றத்தில் ஊதி சுற்றிப் பழகினேன். பி.ஏ. படித்த இரு கைகளிலும் கொப்புளம். வேகமாகச் சுற்றினால் தணல் சாம்பலாகிவிடுகிறது, மெதுவாகச் சுற்றினால் செத்துவிடுகிறது. நானா தூரத்தில் நின்று, "அப்படித்தான், அப்படித்தான், தொட்டிலு ஆட்டுற மாதிரி!" கடைக்கு வந்த சீனத்தி ஒருத்தி உப்பு வாங்க மறந்து நின்று பார்த்தாள்.

பிடித்துக்கொண்டது! எஞ்சின் உறுமியபோது நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். தெருவில். இவருக்கு வெட்கம். எனக்கு இல்லை.

ராத்திரி பயம் வந்துவிட்டது. செக்போஸ்ட். வழியில் மழை. அறுவடை முடிந்திருந்தால்? நெல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தால்? ஜாசினில் நாங்கள் நம்பிப் போகும், இவருக்குத் தெரிந்த வீட்டார் ஊரில் இல்லாவிட்டால்?

"இல்லேன்னா திரும்பி வருவோம்" என்கிறார். இந்த மனிதருக்கு எல்லாமே இவ்வளவுதான்.

மாசி 18, புதன்

எழுதியே ஆக வேண்டும்.

இருட்டில் கிளம்பினோம். நானா நடுவில் உப்பு மூட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டு குழந்தையை வாங்கிக்கொண்டார். நான் ஓரம், இறங்கி ஏற வசதியாக. பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கம் விமானத் திடல், சிப்பாய்கள். அந்தச் சாலையே வேண்டாமென்று புக்கிட் காதில் வழியாகப் போனோம்.

புக்கிட் காதில் ஏற்றத்தில் லாரி நின்றது. நிற்கும் என்று தெரியும். ஆனால் அப்போதுதான் விடிந்தது. கவனிப்பாரற்ற ரப்பர் தோட்டம், மரத்துக்கு மரம் கொடி ஏறி, அந்தக் கொடியெல்லாம் ஊதாப் பூ. கல்லிடுக்கில் ஒரு ஊற்று, விரல் பருமன் தண்ணீர். மீனு மரத்திலிருந்த குரங்கைப் பார்த்தாள், குரங்கு மீனுவைப் பார்த்தது. இரண்டும் ஒரே மாதிரி உதட்டைக் குவித்தன. நானா பள்ளத்தில் இறங்கி மடி நிறைய பாக்குக் கீரை, அதாவது பெரணித் தளிர், பறித்துக்கொண்டு வந்தார். "வண்டி நிக்கிற எடமெல்லாம் நமக்கு ரிஸ்கு, நமக்கு பரக்கத்து" என்றார், ஆண்டவன் அளக்கும் படி, அவன் அருள் என்ற அர்த்தத்தில். நான் ஊதியைச் சுற்றினேன். தொட்டில் ஆட்டுகிற மாதிரி.

அடுத்து ஆயர் குரோவுக்கு அப்பால் ஒரு மூங்கில் காட்டில் நின்றது. அதற்கடுத்து ஒரு தாமரைக் குளம். அங்கே நிற்காவிட்டால் குளம் இருப்பதே தெரிந்திருக்காது, சாலைக்குப் புதர் மறைப்பு. மீனுவுக்கு அங்கே பால் கொடுத்தேன். நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்று, மரியாதையாக வேறு பக்கம் பார்த்தது.

செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இவர், "இறக்கத்துல விட்டுக்கிட்டே போறேன், நின்னா கிளம்பாது" என்றார். நிற்காமல் போனால் சுட்டுவிடுவான். நின்றோம். எஞ்சின் செத்தது. எல்லாரும் இறங்கிக் குனிந்து வணங்கினோம். நான் குழந்தையோடு குனிந்ததில் அவள் குல்லாய் சிப்பாயின் பூட்ஸ் மேல் விழுந்துவிட்டது. என் உயிர் அப்போதே போய்விட்டது. அவன் அதைப் பார்த்தான். குல்லாயைக் காலால் தள்ளினான், மெதுவாக. சீட்டைப் பார்த்தான், உப்பைக் குத்திப் பார்த்தான், என் கரிக் கையைப் பார்த்தான், போ என்றான். எங்கே போவது? லாரி கிளம்பவில்லை. பின்னால் மாட்டு வண்டிகள், சைக்கிள்கள், வரிசை நீண்டுகொண்டே போகிறது. சிப்பாய்க்குக் கோபம் வந்து ஏதோ கத்த, மலாய்க்கார போலீஸ்காரர், வண்டிக்காரர்கள், முட்டைக் கூடை வைத்திருந்த ஒரு கிழவர் உட்பட எல்லாரும் சேர்ந்து எங்களைத் தள்ளினார்கள். ஜப்பான் ராஜ்யத்தில் இவ்வளவு பேர் சேர்ந்து எங்களை வழியனுப்பி வைத்தது இதுதான் முதல் தடவை. நானா எட்டிப் பார்த்து எல்லாருக்கும் சலாம் வைத்துக்கொண்டே வந்தார், மாப்பிள்ளை ஊர்வலம் போல.

பெம்பான் தாண்டி மறுபடி நின்றது. சாலையோரம் மரங்களுக்கு நடுவே ஆவி. தீ என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் வெந்நீர் ஊற்று! தரையிலிருந்து தானாகவே குமிழி விட்டுக்கொண்டு, கல் கட்டிய தொட்டியில் நிறைந்து வழிகிறது. லேசாக கந்தக வாசம். ஒரு சீனத் தாத்தா கால்களை உள்ளே விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். சோறூட்டுவதற்கு முன் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டுமே என்று விடியற்காலையிலிருந்து உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. விறகில்லாமல், பாத்திரமில்லாமல், பூமியே வெந்நீர் போட்டு வைத்திருக்கிறது. ஓரமாக ஆறிய தண்ணீரில் முழங்கை விட்டுப் பார்த்துவிட்டு இறக்கினேன். மீனு இரு கையாலும் தண்ணீரை அறைந்தாள். தாத்தா கண்ணைத் திறந்து சிரித்தார். நானா செருப்பைக் கழற்றிவிட்டு, "என் முட்டிக்கு அல்லா அனுப்பினது" என்று காலை விட்டார்.

துவட்டிக்கொண்டே, "மணி என்ன நானா?" என்றேன்.

பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். "பன்னெண்டு அடிச்சு பத்து நிமிஷம்."

அவ்வளவுதான். ராகு. போகவேண்டிய வீடு இன்னும் தூரம், லாரி செத்துக் கிடக்கிறது, நேரம் போய்விட்டது. பூவையும் குரங்கையும் பார்த்து நின்றேனே என்று என்னையே நொந்துகொண்டேன். குழந்தையைத் துண்டோடு கட்டிக்கொண்டு அழுதேன். இவர் என் தோளில் கை வைத்தார். கரி ஒட்டிக்கொண்டது.

நானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கும்மா அழுவுறே?"

"நல்ல நேரம் போச்சு நானா. பன்னிரண்டுக்குள்ள ஊட்டியிருக்கணும்."

"பன்னெண்டா?" அண்ணாந்து மரத்துக்கு மேலே பார்த்தார். "லுஹர் தொழுகைக்கே இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்கே. சூரியன் உச்சிக்கு வரவே இல்லையே, புள்ள."

நானும் பார்த்தேன். என் நிழல் பக்கத்தில் நீளமாகக் கிடந்தது. உச்சி வேளையில் நிழல் அப்படிக் கிடக்குமா?

அப்புறம்தான் உறைத்தது. கடிகாரம் டோக்கியோவில் இருக்கிறது. குருக்கள் எழுதிக் கொடுத்தது சூரியனைப் பார்த்து. அவரிடம் கடிகாரமே கிடையாது! ராகுவும் குளிகையும் யாருக்கும் பயந்து நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை, நாங்கள்தான் மாற்றிக்கொண்டோம். பழைய நேரத்துக்குப் பத்தரை தாண்டிப் பத்து நிமிஷம். குளிகை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

"என்னங்க! நேரம் இருக்கு! இப்பத்தான் ஆரம்பமே!"

இவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது. "அப்ப ஏன் நிக்கிறே? போய்ச் சுத்து!"

சுற்றினேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முடி அவிழ்ந்து, பேய் மாதிரி சுற்றினேன். பிடிக்கவில்லை. கரி நனைந்திருந்தது போலிருக்கிறது. மறுபடி. இல்லை. மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் கேட்டது: தொம்... தொம்... தொம். ரப்பர் மரங்களுக்குப் பின்னாலிருந்து. உலக்கைச் சத்தம்! நெல் குத்துகிறார்கள்!

லாரியை விட்டுவிட்டு நடந்தோம். ஓடினோம் என்று எழுதலாம். நானா குழந்தையோடு முன்னால். மரங்கள் முடிந்ததும் பளீரென்று வயல், பாதி அறுத்தது, பாதி மஞ்சள். மலாய்க் கம்பம். நாலைந்து பெண்கள் உரலைச் சுற்றி. மூத்தவள் பெயர் மக் மீனா என்று பிறகு தெரிந்தது. என் மலாய் ரேஷன் கடை மலாய். "அனாக் சாயா," என் குழந்தை என்று சொல்லி மீனுவைக் காட்டினேன். "பெலும் மாக்கான் நாசி." இன்னும் சோறு தின்னவில்லை. அதற்கு மேல் வார்த்தை வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

வார்த்தை வேண்டியிருக்கவில்லை. மக் மீனா உலக்கையை அப்படியே போட்டுவிட்டு மீனுவின் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி புடைத்தாள், ஒருத்தி பானை வைத்தாள், ஒருத்தி என் கொப்புளத்துக்கு ஏதோ இலைச் சாறு பிழிந்தாள். நானா லாரிக்கு ஓடிப் போய் ஒரு பொட்டலம் உப்பு கொண்டு வந்தார். கடல் இல்லாத இந்தப் பக்கத்தில் உப்புக்குத் தவிக்கிறார்களாம், பெண்கள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துச் சிரித்தார்கள். புது அரிசி கொதிக்கும் வாசனை. இரண்டு வருடமாக மூக்கு அதை மறந்திருக்கிறது. இவர் பானைக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றார். சும்மாதான்.

பாய் விரித்தார்கள். குழைந்த சோறு வாழை இலையில். மக் மீனா, "சியாப்பா பெகாங்?" என்றாள். யார் பிடித்துக்கொள்வது?

தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஊட்ட வேண்டும். அண்ணன் மெட்ராஸில். கடிதம் வந்து இரண்டு வருடத்துக்கு மேலாயிற்று. இருக்கிறானா என்றுகூட... அதை இன்று எழுத வேண்டாம். நான் இவரைப் பார்த்தேன், இவர் தரையைப் பார்த்தார்.

"இதுல என்ன யோசனை?" நானா லுங்கியைச் சுருட்டிக்கொண்டு பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டதெல்லாம் வாய்க்கு மட்டுமா? கொண்டா மருமவள."

கொடுத்தேன். அவர் பிஸ்மில்லா என்றார், நான் முருகா என்றேன், மக் மீனாவும் பிஸ்மில்லா என்றாள். நானா இரண்டு பருக்கையை விரல் நுனியில் நசுக்கி வாயில் வைத்தார்.

மீனு முகத்தைச் சுளித்தாள். யோசித்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நாக்கால் வெளியே தள்ளினாள், பிறகு மனம் மாறி உள்ளே இழுத்துக்கொண்டாள். விழுங்கினாள். அடுத்ததற்கு வாயைத் திறந்தாள்! அதற்கடுத்ததற்கு நானாவின் விரலையே பிடித்து, முளைத்திருக்கும் இரண்டு பல்லால் கடித்தாள்.

"யா அல்லா! மாமனையே தின்னுரும் போலிருக்கே!"

சிரித்தோம். மக் மீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவரும்தான்; எஸ்டேட் ஆபீஸ் மூடிய நாளிலிருந்து இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்களுக்கும் ஆளுக்கு ஒரு இலை போட்டார்கள். சோறு, மீன், பாக்குக் கீரை. பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டோம்.

வெகு நேரம் கழித்துச் சூரியன் உச்சிக்கு வந்து சாய, நானா தொழப் போனார். அதற்குள் ராகு வந்திருப்பார். வரட்டும். மீனு தூங்கிவிட்டாள்.

ஒரு வழியாக லாரியைக் கிளப்பி, ஜாசினில் உப்பை இறக்கிவிட்டுத் திரும்பும்போது செக்போஸ்டில் எல்லாவற்றையும் உதறிப் பார்த்தார்கள். குழந்தையின் துணி மூட்டையைக்கூட. ஒரு அரிசி இல்லை. கொஞ்ச தூரம் போனதும் இவர் மெதுவாக, "கடத்திட்டோம்" என்றார். மீனுவின் வயிற்றைத் தட்டி, "எல்லாம் உள்ள இருக்கு."

மாசி 19, வியாழன்

தூறல், வெயில், தூறல். உடம்பெல்லாம் வலி. கையைத் தூக்க முடியவில்லை.

ராத்திரி முழுக்கத் தூங்கினாள். முழுக்க! நான்தான் நாலு தடவை எழுந்து மூச்சு வருகிறதா பார்த்தேன். காலையில் துணியையும் பார்த்தேன் (வெளியே சொல்ல முடியாது). இரண்டு பருக்கை முழுசாக. மற்றதெல்லாம் செரித்துவிட்டது. வயிற்றுப்போக்கு இல்லை.

பிபிக் வேலியோரம் வந்தாள். எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள்? சொல்லச் சொல்ல அவள் கண் விரிந்தது. அவள் பிறந்தது இந்த ஊர், அவள் அம்மா பிறந்ததும் இந்த ஊர். அந்த வெந்நீர் ஊற்றைக் காதால் கேட்டதோடு சரியாம். தாமரைக் குளத்தை நம்பவே இல்லை. அரை நாள் தூரத்தில்! நாங்கள் இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு, அசட்டுப் பெண்கள் போல, இத்தனை வருடம் என்ன செய்தோம் என்று பார்த்துக்கொண்டோம். என்ன செய்தோம், சமைத்தோம். துவைத்தோம்.

மீனுவின் மணிக்கட்டு மடிப்பு அப்படியேதான் இருக்கிறது. இவர் சொன்னது சரி. அவரிடம் சொல்லப் போவதில்லை.

மாசி 23, திங்கள்

நல்ல வெயில். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பிபிக். இடுப்பில் பேரன், எட்டாம் மாதம். ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை, சரியாக வருகிறது; அவளே கணக்குப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் அடுத்த சந்திலிருக்கும் செல்லம்மா. புருஷன் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவன், இப்போது வேலை இல்லை. அவள் கையிலும் ஒன்று, மூக்கு ஒழுகிக்கொண்டு.

"யக்கா, உங்க புள்ளைக்கு நெசமாவே நெல்லுச்சோறு ஊட்டினீங்களாமே? எம்புள்ளைக்கும் ஊட்டணும்க்கா. நான் அந்த ஊதியெல்லாம் சுத்துவேன், எனக்குக் கை பலம்."

பிபிக் மலாயில் குறுக்கே விழுந்து, முதலில் கேட்டது தான் என்றாள். இரண்டு குழந்தைகளும் ஒரே நேரத்தில் அழ, மீனு என் இடுப்பிலிருந்து அவர்களைப் பார்த்துக் கை தட்டினாள், பெரிய மனுஷி மாதிரி.

அந்த நேரம் பார்த்து நானாவும் இவரும் வந்தார்கள். நானா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன கூட்டம்?"

நான் சொன்னேன். பிபிக் பேரனை உயர்த்திக் காட்டினாள். செல்லம்மா மூக்கைத் துடைத்துவிட்டுக் காட்டினாள்.

"இதென்னம்மா அநியாயமா இருக்கு? என் லாரி உப்பு லாரியா, இல்ல புள்ளைங்களுக்குச் சோறூட்டப் போற தேரா? கரிக்கு எங்க போறது? சீட்டுல எத்தனை பேருன்னு போட்டிருக்கு தெரியுமா? அந்தச் சிப்பாய்க்காரன் மூணு குல்லாயைப் பார்த்தா என்ன சொல்லுவான்?" கத்திக்கொண்டே படியில் உட்கார்ந்தார். பிபிக்கின் பேரன் அவர் தாடியைப் பிடித்தான். விடவில்லை. நானா தலையை அவன் பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தார்.

பிறகு இவரிடம், "தம்பி, புதன்கிழமை போறோம்னு சொல்லிரு. ஆனா எனக்கு மடி ஒண்ணுதான் இருக்கு. வரிசையில நிக்கச் சொல்லு."